நாள்பட்ட நோயும் நேற்றுக் கண்ட நோயும்: பள்ளிக் கைத்தாள் தமிழ் பற்றிய ஒரு திறனாய்வு

கலைச்சொல்லாக்கம் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகுதி. அறிவியல் பாடநூல்களின் சொற்களும் ஆட்சித்துறைச் சொற்களும் பலராலும் பலகாலும் ஆராயப்பட்டுள்ளன. ஆயின் ஆசிரியர் ஓய்வறையிலும் தேர்வுக்கூடத்திலும் மருத்துவம் பயிலாத ஒருவர் அவசரத்தில் எடுத்துப் படிக்கும் ஒற்றைத் தாள்களின் தமிழைத் திறனாய்வாளர் எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அவை இலக்கியமும் அல்ல, சட்டமும் அல்ல என்பது காரணமாகலாம். நீங்காத உடல்நோயோடு பள்ளிக்கு வரும் பதின்பருவ மாணவரைக் குறித்து ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கப்பட்டுப் பள்ளிகளுக்கு வழங்கப்படும் இத்தகைய கைத்தாள்களின் மொழியே இக்கட்டுரையின் பொருள். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் முதல் வகை நீரிழிவைச் சார்ந்தவை. ஆஸ்துமா, குருதி உறையாமை, தலசீமியா ஆகியவற்றுக்கும் இங்குக் கூறப்படுவனவற்றுள் சில பொருந்தும்.

தமிழ்த் தொடர்களை மராத்தியோடு ஒப்பிட்டு நோக்குவதற்குக் காரணம் உண்டு. இச்சிக்கல் இக்கட்டுரையாளருக்கு முதலில் எதிர்ப்பட்ட இடம் புணே. தக்காணக் கல்லூரியும் அதன் வளாகத்திலுள்ள மேற்கு மண்டல மொழி மையமும் மொழியியலார்க்கு அறிமுகமானவை. மகாராட்டிர மாநில இடைநிலை, மேல்நிலைக் கல்வி வாரியத்தின் தலைமையிடமும், 1967இல் தோன்றிய 'பால்பாரதி' பாடநூல் நிறுவனமும் இந்நகரிலேயே உள்ளன. குழந்தைகளின் நீரிழிவைப் பற்றிய ஆய்வும் மருத்துவமும் கே.ஈ.எம். மருத்துவமனையிலும் ஜஹாங்கீர் மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வு நிலையத்திலும் நெடுங்காலமாக நடந்துவருகின்றன. கட்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. அக்குடும்பத்துப் பிள்ளை ஒருவருக்கு இந்நோய் வருமாயின், மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தாய் தமிழில் விளங்கிக்கொண்டு வகுப்பாசிரியருக்கு மராத்தியில் சொல்ல வேண்டியிருக்கும். மொழிபெயர்ப்பு இங்கே அன்றாட வேலை.

நோயின் இயல்பைச் சுருக்கமாகக் கூறுதல் இன்றியமையாதது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களை உடலின் காப்பாற்றலே அழித்துவிடுவதால் முதல் வகை நீரிழிவு உண்டாகிறது. உணவு மிகுதியாலோ சோம்பலாலோ வருவதன்று. நாள்தோறும் இன்சுலின் செலுத்தியே உயிர்வாழ இயலும். செலுத்திய அளவுக்கேற்ப உணவு அமையாவிடினும், உடலுழைப்பு மிகினும் குருதிச் சர்க்கரை தாழும். ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே சென்றால் உடனே சர்க்கரை தர வேண்டும். உலக நீரிழிவுக் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட கணிப்பின்படி இந்தியாவில் 20 வயதுக்குட்பட்டோருள் ஏறத்தாழ 2,29,400 பேருக்கு இந்நோய் உள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் பள்ளிப் பருவத்தினர் என்பது சொல்லாமலே விளங்கும்.

இன்சுலினை முதன்முதலில் பெற்றவரும் ஒரு பதின்பருவத்தினரே. 1922 ஜனவரியில் டொரண்டோ நகர மருத்துவமனையில் அம்மருந்தைப் பெற்ற லெனார்ட் தாம்சனுக்கு அப்போது வயது 14. அதன்பின் அவர் 13 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு முன் இந்நோய் கண்ட சிறாருக்கு எஞ்சியிருந்தவை சில மாதங்கள், மிஞ்சினால் ஓரிரு ஆண்டுகள். ஆகவே 'இந்நோயோடு பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவர்' என்னும் பொருளே நூறாண்டுப் பழமையுடையதுதான். நம்மிடமுள்ள சொற்களோ அப்பொருளைவிட மிக மூத்தவை. சிக்கல் பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகிறது.

'நாள்பட்ட'

கைத்தாள்களின் தலைப்பிலேயே இடம்பெறும் சொல் 'நாள்பட்ட நோய்' என்பது. ஆங்கில 'க்ரானிக்' என்பதற்கு நிகராக இது நிலைபெற்றுவிட்டது. பேச்சுவழக்கில் நாள்பட்ட புண் என்போம், நாள்பட்ட சளி என்போம், நாள்பட்ட சரக்கு என்றும் சொல்வோம். முதலிரண்டிலும் கவனியாமல் விட்டதன் குறிப்பு உண்டு. மூன்றாவதில் கெட்டுப்போனதன் குறிப்பு உண்டு. மராத்தியின் 'ஜுனாட் ஆஜார்' என்பதும் இவ்வாறே 'பழைய நோய்' என்னும் பொருளில் அமைந்தது. அங்கும் பழமையோடு பழுது ஒட்டிக்கொள்கிறது.

இக்குறிப்புப் பொருளைவிட இலக்கணமே பெரிய தடை. 'பட்ட' என்பது இறந்தகாலப் பெயரெச்சம். நாள் கழிந்திருந்தாலன்றி நோய் நாள்பட்டதாகாது. பதின்மூன்று வயது மாணவி ஒருத்திக்குச் சென்ற வாரம்தான் முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்டது எனக் கொள்வோம். கண்டறிந்த அன்றே அது 'க்ரானிக்' நோய்; இனி வாழ்நாள் முழுதும் உடனிருக்கப்போவது என்பதே அச்சொல்லின் கருத்து. தமிழ்ச் சொல்லோ பின்னோக்கிப் பார்க்கிறது. 'நாள்பட்ட நோயுடைய உங்கள் மகள்' என்னும் தொடரைப் படிக்கும் தாய், 'இத்தனை நாள் கவனிக்காமல் விட்டுவிட்டோமா' என்று திகைத்தால் அது அவர் குற்றமன்று. தமிழறிந்த எவரும் அப்படித்தான் படிப்பர்.

மாற்றாக வழங்கும் 'தீராத நோய்' எதிர்மறைப் பெயரெச்சம், காலம் காட்டாது. ஆனால் பதினான்கு வயதினரின் கையில் கொடுக்கத்தக்க சொல்லன்று. 'நீண்டகால நோய்' குற்றமற்றது, சற்றே மங்கலானது. இக்கட்டுரையாளர் கருத்தில் 'நீடிக்கும் நோய்' என்பதே ஏற்றது. செய்யும் என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம் எதிர்காலத்தையும் இயல்பையும் ஒருங்கே உணர்த்தும். மராத்தியின் 'தீர்ககாலீன்' என்னும் பெயரடை காலம் காட்டாமையால் இத்தொல்லையிலிருந்து தப்பித்துக்கொள்கிறது. தமிழின் பெயரெச்சம் காலம் காட்டியே தீரும். அப்படியாயின் சரியான காலத்தைக் காட்டுவதே முறை.

நோய்ப்பெயரைப் பற்றியும் ஒரு சொல். 'நீரிழிவு' பழைய மருத்துவ வழக்கு. மராத்தி பேசிய அரசர் ஆண்ட தஞ்சையில் இரண்டாம் சரபோசி காலத்துத் தமிழ் மருத்துவப் பாடல்களைத் தொகுத்த 'சரபேந்திர வைத்திய முறைகள்' வரிசையில் நீரிழிவுக்கெனவே ஒரு தொகுதி உண்டு. 'மதுமேகம்' என்னும் சொல்லை வடமொழிச் சார்பால் தமிழிலும் ஆளலாம் எனச் சிலர் கருதுவர். மராத்தியில் 'மதுமேஹ்' பொதுச்சொல். ஆனால் தமிழில் 'மேகநோய்' என்றால் பொருள் வேறு. மேகவெட்டை முதலிய சொற்களை அறிந்த முதியவர் உள்ள வீட்டில் ஒரு பெண்பிள்ளைக்கு 'மேகம்' என்று எழுதிய தாள் போய்ச் சேர்வது எத்தகைய விளைவைத் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை. மராத்தியிலும் அதே வேரிலிருந்து வந்த 'பரமா' என்னும் சொல்லுக்கு அப்பொருளே உண்டு. இரு மொழியும் ஒரே பழியைச் சுமந்தாலும், மராத்தி அதனைத் திரிந்த சொல்லிடம் தள்ளிவிட்டுத் தற்சமத்தைக் காப்பாற்றிக்கொண்டது. தமிழுக்கு அவ்வாய்ப்பு இல்லை. 'நீரிழிவு' இருக்க 'மதுமேகம்' வேண்டா.

'அவளுக்கு இருக்கிறது', 'அவள் நோயாளி'

கட்கியில் ஒன்பதாம் வகுப்புப் படித்த மகளுக்காக வகுப்பாசிரியருக்கு மராத்தியில் ஒரு கடிதம் எழுதித் தருமாறு ஒரு தாய் இக்கட்டுரையாளரைக் கேட்டார். கையிலிருந்த தமிழ்க் கைத்தாளை முதலில் நீட்டினார். 'நீரிழிவு நோயாளியான மாணவி திடீர் நடத்தை மாற்றங்களை வெளிப்படுத்தலாம்' என்ற போக்கில் அது அமைந்திருந்தது. சற்று நேரம் பொறுத்துத் தம் சொற்களில் சொன்னார்: "அவளுக்குச் சுகர் இருக்கு சார். கொறைஞ்சா அவளுக்குக் கோவம் வரும். அவ கோவக்காரி இல்லை. அதை எழுதுங்க."

இம்மூன்று தொடர்களும் மொழியியலார் நின்று நோக்கத்தக்கவை. முதலிரண்டும் நான்காம் வேற்றுமையை எழுவாய் போலக் கொண்டவை. மூன்றாவது பெயர்ப் பயனிலைத் தொடர்; அதையும் அவர் மறுக்கிறார். நோயும் சினமும் மகளிடம் வருவன, இருப்பன. மகள் அவையாக ஆகிவிடுவதில்லை. குவ்வுருபு எப்பொருளையும் ஏற்றுக்கொள்வது எனத் தொல்காப்பியம் பேசும் நான்காம் வேற்றுமையின் ஏற்றல் பொருள் இங்கே தெளிவாகப் பயன்படுகிறது. மராத்தியில் இதனைப் பெயர்க்கச் சிறிதும் வருந்த வேண்டியதில்லை. 'திலா ராக் யேதோ, பண் தீ ராகீட் நாஹீ.' 'அவளுக்குச் சினம் வரும், ஆனால் அவள் சினத்தள் அல்லள்.' 'திலா' என்பது 'அவளுக்கு'. திராவிட மொழிகளும் மராத்தியும் இவ்வமைப்பைப் பகிர்ந்துகொள்வது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. அது வகுப்பறையில் ஒரு சிறுமிக்கு என்ன செய்யக்கூடும் என்பதை அந்தத் தாய் சொல்லக் கேட்டபோதுதான் இக்கட்டுரையாளர் எண்ணிப் பார்த்தார்.

கைத்தாள் தமிழ் இவ்வளத்தைக் கைவிட்டு ஆங்கிலத்தின் 'டயபெடிக்' என்னும் ஒற்றைச் சொல்லைத் துரத்திச் செல்கிறது. விளைவு 'நீரிழிவு நோயாளி'. 'ஆளி' ஈறு தொழிலாளி, முதலாளி, பங்காளி என நிலையான உடைமையை அல்லது தொழிலைக் காட்டுவது. நோயாளி எனின் நோயே அவர் அடையாளம். மருத்துவமனைப் படுக்கைக்கு இச்சொல் பொருந்தும். கணக்குப் பாடவேளையில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருப்பவர் நோயாளி அல்லர், மாணவர். மராத்தியின் 'ருக்ண' என்பதும் வேர்ப்பொருளில் 'உடைந்தவர்' ஆகும். ஆதலால் அங்குள்ள மொழிபெயர்ப்பாளரும் மெத்தனமாக இருத்தலாகாது. திருக்குறளின் மருந்து அதிகாரம் ஆளும் 'உற்றவன்' என்னும் சொல் இவற்றினும் நுட்பமானது. நோய் அவனை உற்றது, அவ்வளவே.

இதனோடு தொடர்புடைய ஒன்று. 2010இல் தமிழ்நாட்டரசு 'ஊனமுற்றோர்' என்பதை விடுத்து 'மாற்றுத்திறனாளி' என்பதை ஏற்றது. பகுதியில் இழிவு நீங்கியது நன்றே. விகுதியில் 'உற்ற' போய் 'ஆளி' வந்ததைப் பலர் கவனித்ததில்லை. நம் மாணவர்க்கோ இச்சொல்லும் உரியதன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை அட்டவணையில் சேர்த்தது. குருதி உறையாமை, தலசீமியா, அரிவாள் உயிரணு நோய் ஆகியவை அதில் இடம்பெற்றன. முதல் வகை நீரிழிவு இடம்பெறவில்லை. சட்டத்தின் சொல்லும் இல்லை, வழக்கின் சொல்லும் பிழைபடுகிறது என்னும் நிலையில் இம்மாணவர் நிற்கின்றனர். இதனால்தான் அவர்களுக்குக் கைத்தாளின் சொல் இவ்வளவு முதன்மை பெறுகிறது.

'பத்தியம்', 'விலக்கு', 'சலுகை'

உணவுமுறையைப் 'பத்தியம்' என்று பெயர்ப்பது எளிது. மராத்தி 'பத்ய' என்பதும் அதே சொல். ஆனால் பத்தியம் முடிவுடையது. மருந்துண்ணும் நாள் வரை காப்பது, பின் விடுவது. பத்தியம் முறிந்தது என்றால் குற்றம் நோயுற்றவருடையது. வாழ்நாள் முழுதும் உண்ணும் முறைக்கும், அதிலும் நண்பர் பிறந்தநாளில் இனிப்பை இன்சுலின் அளவோடு கணக்கிட்டு உண்ணலாம் என்னும் இன்றைய முறைக்கும் இச்சொல் ஒவ்வாது. 'உணவுக் கணக்கு' என்பது மேல்.

உடற்பயிற்சி வகுப்பிலிருந்து 'விலக்கு' என்பது மேலும் கவனத்துக்குரியது. முதலாவது, இம்மாணவர்க்கு விலக்கே வேண்டியதில்லை. சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு, வேண்டிய சிற்றுணவை உண்டு விளையாடலாம், விளையாடுதலும் நன்று. இரண்டாவது, 'வீட்டுவிலக்கு' என்னும் வழக்குள்ள மொழியில் 'விலக்குப் பெற்ற மாணவி' என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால் வகுப்பு சிரிக்கும். பதின்பருவச் சிறுமியின் நாளை அச்சிரிப்பொன்றே கெடுத்துவிடும். மொழிபெயர்ப்பாளர் அகராதியை மட்டும் நம்பினால் இத்தகைய இடங்களில் இடறுவர்.

'சலுகை'யும் மராத்தியின் 'சவலத்'தும் வேண்டியவர்க்குக் காட்டும் கருணையைக் குறிப்பன. கரும்பலகையைப் பார்க்க மூக்குக்கண்ணாடி அணிதலைச் சலுகை என்பார் இல்லை. இன்சுலின் ஊசியைப் பையில் வைத்திருத்தலும் அத்தகையதே. 'அனுமதி' போதும்.

'மயக்கம்'

இதுவரை கூறியவை மனத்தைப் புண்படுத்தும் பிழைகள். இனிக் கூறுவது உயிருக்கு ஊறு செய்யவல்லது.

குருதிச் சர்க்கரை தாழும்போது முதலில் கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும். பின் தலை சுற்றும், பேச்சுக் குழறும், எண்ணம் தடுமாறும். கவனியாது விடின் நினைவு இழந்து வலிப்பும் வரலாம். ஆங்கிலக் கைத்தாள்கள் இந்நிலைகளைத் தனித்தனிச் சொல்லால் சுட்டுகின்றன. தலைச்சுற்றல் ஒன்று, அரைத்தூக்க நிலை ஒன்று, குழப்பம் ஒன்று, நினைவிழப்பு ஒன்று. தமிழாக்கத்திலோ இந்நான்கிற்கும் 'மயக்கம்' என்னும் ஒரே சொல் வந்து நிற்பதைக் காணலாம். தமிழில் மயக்கம் பரந்த சொல். பசி மயக்கம், உண்ட மயக்கம், மது மயக்கம், பொருள் மயக்கம், வேற்றுமை மயக்கம் என இலக்கணம் வரை அது நீளும். கவிதைக்கு அது செல்வம். கைத்தாளுக்கு நஞ்சு.

ஏனெனில் செய்ய வேண்டியவை நேர்மாறானவை. தலைசுற்றும் மாணவர் விழிப்போடிருந்தால் 15 கிராம் சர்க்கரையை, அதாவது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி அளவை, நீரில் கரைத்தேனும் உடனே தர வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். நினைவிழந்த மாணவரின் வாயில் எதையும் இடலாகாது. மூச்சுக்குழலில் சென்று அடைத்துக்கொள்ளும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும். 'மயக்கம் வந்தால் சர்க்கரை கொடுக்கவும்' என்று தமிழாக்கிய தாளைப் படித்த ஆசிரியர், விழுந்து கிடக்கும் சிறுவனின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினால் அவர் தாளில் கண்டதைத்தான் செய்தவராவார். 'மயங்கி விழுந்தால் எதுவும் கொடுக்கலாகாது' என்று அதே தாளின் மற்றொரு வரி சொல்லுமாயின் முரண்பாடும் சேரும்.

மராத்தியில் 'சக்கர் யேணே' என்பது தலைச்சுற்றல். 'பேசுத்த' என்பது நினைவிழந்த நிலை. இரண்டும் கல்வியறிவு குறைந்தவரும் வேறுபடுத்தும் சொற்கள். 'போவள்' என்றொரு சொல் இரண்டிற்கும் நடுவே மங்கலாக நிற்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நல்ல மராத்திக் கைத்தாள் அதனைத் தவிர்க்கும். தமிழில் சொல் இல்லாமலில்லை. தலைச்சுற்றல், கிறுகிறுப்பு, தடுமாற்றம், நினைவிழப்பு எனப் பலவும் உள்ளன. ஆயினும் நினைவு இருக்கிறதா இல்லையா என்பதைத் தேர்ந்தறிய ஆசிரியருக்குப் பெயர்ச்சொல்லைவிட வினைத்தொடரே உதவும். 'பெயர் சொல்லி அழைத்தால் பதில் சொல்கிறாரா? விழுங்குகிறாரா? ஆம் எனில் சர்க்கரை கொடுங்கள். இல்லை எனில் வாயில் எதுவும் இடாதீர்கள்.' இங்கே 'மயக்கம்' தேவைப்படவே இல்லை. ஆங்கிலத்தின் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெயர் தேடும் பழக்கமே இதை நாம் காணவிடாமல் செய்தது எனலாம்.

தேர்வுக்கூடத்திலும் இதே வினா எழுகிறது. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2017இல் முதல் வகை நீரிழிவுள்ள பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் சர்க்கரை வில்லை, சாக்லேட், வாழை ஆப்பிள் ஆரஞ்சு போன்ற பழம், சாண்ட்விச் போன்ற சிற்றுணவு, 500 மி.லி. தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றைக் கொண்டுவர அனுமதித்தது. 2023இல் தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியதைத் தொடர்ந்து உத்தரப்பிரதேச அரசும் பள்ளிகளுக்கு ஆணையிட்டது. இவற்றைத் தமிழாக்குவோர் 'தேவைப்படும்போது வழங்கப்படும்' என்னும் செயப்பாட்டுத் தொடரில் சென்று முடிவது இயல்பு. தேவையை உணர்பவர் யார், வழங்குபவர் யார் என்பது அத்தொடரில் இல்லை. தின்பண்டம் மேற்பார்வையாளரின் மேசையில் இருந்து, எண்ணம் தடுமாறும் நிலையில் உள்ள மாணவர் தாமே எழுந்து கேட்க வேண்டும் என்றால் அவ்விதி எவருக்கும் பயன்படாது. 'மாணவர் தம் மேசைமேல் வைத்துக்கொண்டு, கேளாமலே உண்ணலாம்' என்று மூலம் சொல்லாதபோது மொழிபெயர்ப்பாளர் தாமாக எழுத இயலாது. ஆனால் மூலத்தின் இந்த இடைவெளியைச் சுட்டி, வெளியிடுவோரைக் கேட்க இயலும். அதனைத் தம் கடமைக்குப் புறம்பானது எனக் கருதுவோர் பலர். இக்கட்டுரையாளர் அவ்வாறு கருதவில்லை.

கட்கிக் கடிதம் இறுதியில் பதினோரு வரியில் முடிந்தது. 'மதுமேஹீ', 'ருக்ண' என்னும் இரு சொல்லும் அதில் இல்லை. தாய் சொன்ன மூன்று தொடரும் முதலில் நின்றன. அதன்கீழ், அழைத்தால் பதில் சொன்னால் என்ன செய்வது, சொல்லாவிட்டால் என்ன செய்வது என்பன இடம்பெற்றன. மகள் அதனைப் படித்துவிட்டு, 'க்ருபயா' என்று தொடங்கிய வரியைச் சுட்டி, கெஞ்சுவது போலிருக்கிறது என்றாள். அவ்வரி நீக்கப்பட்டது. வகுப்பாசிரியர் கடிதத்தை வருகைப் பதிவேட்டின் உள்ளட்டையில் ஒட்டிவைத்துக்கொண்டார் எனப் பின்னர் அறிய நேர்ந்தது.